ஐயா கொடுத்த ஃபியட்

முன்கண்ணாடியில் மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் எத்திராஜுக்கு முதலில் வந்தது கோபம்தான். எவனோ பசையைத் தண்ணீராகக் கரைத்து அப்பியிருந்தான். அது வழிந்து வைப்பர் வரை இறங்கியிருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே வீட்டுக்குள் போய் ஈரத்துணி எடுத்துவந்து துடைக்க ஆரம்பித்துவிட்டார். பாதி துடைத்த பிறகுதான் கன்னட எழுத்துகள் கண்ணில் பட்டன. சாலையோரம் நெடுநாளாக நிற்கும் இந்த வண்டிக்கு உரிமையாளர் யாராவது இருந்தால் முப்பது நாளைக்குள் பத்திரங்களோடு வந்து காட்ட வேண்டும், தவறினால் வண்டி இழுத்துச் செல்லப்படும் என்று போட்டிருந்தது.

தெருவுக்கு சிமெண்ட் ரோடு போடப் போகிறார்களாம். அதற்காக பெங்களூர் ஆஸ்டின் டவுனில் அந்தப் பகுதியில் மட்டும் எட்டு வண்டிகளுக்கு ஒட்டியிருந்தார்கள். மற்ற ஏழும் டயர் இல்லாத, உள்ளே நாய் குட்டி போடுகிற வண்டிகள். எத்திராஜுடையது அறுபத்திரண்டாம் வருஷத்து ஃபியட், வெளிர் பச்சை, ஞாயிறு தவறாமல் ஓடுகிற வண்டி. அதைப் போய் அந்த ஏழோடு சேர்த்தது எந்த மகராசன் என்று அன்றைக்குச் சாயங்காலம் வரை தெருவில் நின்று கத்தித் தீர்த்தார்.

கத்தினால் ஆயிற்றா? பத்திரம் வேண்டுமே. அதுதான் அவரிடம் இல்லை.

எத்திராஜுக்கு இப்போது அறுபத்தொன்பது. அப்பா குடியாத்தத்திலிருந்து பிழைக்க வந்தவர். இவர் பிறந்தது, வளர்ந்தது, கன்னடப் பள்ளியில் எட்டு வரை படித்தது எல்லாம் இதே தெருவில். இருபத்திரண்டு வயதில் மல்லேஸ்வரத்தில் சீனிவாசராகவன் என்பவரிடம் டிரைவராகச் சேர்ந்தார். அவர் மைசூர் ராஜ்ஜிய காலத்திலேயே அரசாங்கத்தில் இன்ஜினியர் ஆனவர். கறாரான மனுஷர். ஒரு நிமிஷம் தாமதமானால் திட்ட மாட்டார், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம் என்று இருக்கும். எத்திராஜ் அவரை 'ஐயா' என்பார். பதினெட்டு வருஷம் ஐயாவுக்கு ஓட்டினார்.

தொண்ணூற்றைந்தில் ஐயாவுக்குக் கண் சுத்தமாக மங்கிவிட்டது. ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து வண்டியை ஷெட்டில் விட்டதும், எத்திராஜ் வழக்கம்போலச் சாவியை நீட்டினார். ஐயா வாங்கவில்லை. "வண்டியை நீயே வச்சுக்கோடா. இனிமே இது உன்னுது. நான் போனா இவாள்ளாம் இதைக் காயலான் கடைக்குத்தான் அனுப்புவா" என்றார். ஷெட்டில் அவர்கள் இருவரைத் தவிர ஒரு ஈ காக்காய் இல்லை.

அன்று மாலை எத்திராஜ் வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் சாந்தகுமாரி கேட்ட முதல் கேள்வி, "எழுதி வாங்கிக்கினீங்களா?" என்பதுதான். எத்திராஜுக்கு முகம் சுண்டிப் போய்விட்டது. "ஐயா வாயால சொன்னதுக்கு மேல காயிதம் இன்னாத்துக்கு?" என்றார். ஐயா முகத்தைப் பார்த்து எழுதிக் கொடுங்கள் என்று கேட்பதா? கேட்டால் அவர் சொல்லை நம்பவில்லை என்று ஆகிவிடாதா? மறு வருஷம் ஐயா போய்ச் சேர்ந்தார். வீட்டை இடித்து அபார்ட்மெண்ட் கட்டினார்கள். ஆர்.சி. புக் எந்த பீரோவில் இருந்ததோ, எந்த லாரியில் போனதோ, பெருமாளுக்குத்தான் வெளிச்சம்.

பிறகு எத்திராஜ் பீன்யாவில் ஒரு கம்பெனி பஸ்ஸை இருபது வருஷம் ஓட்டினார். அதற்கெல்லாம் யூனிஃபார்ம், அட்டை, ரெஜிஸ்டர். ஃபியட்டுக்கு எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாந்தகுமாரியை உட்கார வைத்து அல்சூர் ஏரி வரை போய் வருவார். பழைய வண்டியைப் பார்த்தால் டிராஃபிக் போலீசும் சிரித்துவிட்டு விட்டுவிடுவார். யாராவது கேட்டால் எத்திராஜ் ஒரே வாக்கியம் வைத்திருந்தார்: "எங்க ஐயா எனக்குக் குடுத்த வண்டி." இருபத்தெட்டு வருஷத்தில் அதை எத்தனை ஆயிரம் பேரிடம் சொன்னாரோ.

மஞ்சள் காகிதம் ஒட்டிய மறுநாள் கில்பர்ட்டைத் தேடிப் போனார். கில்பர்ட் பக்கத்துத் தெரு, ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலிலேயே முப்பது வருஷமாக உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட். யார் எந்த மேஜையில் எத்தனை மணிக்குக் காபி குடிப்பார் என்பது வரை அவருக்கு அத்துபடி. கதையை முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஏம்பா எத்திராஜு, இத்தினி வருஷம் இன்னா பண்ணிக்கினு இருந்தே?"

"வண்டி ஓட்டிக்கினு இருந்தேன்."

"அது தெரியுது. சரி, கேளு. பழைய லெட்ஜர்ல இந்த நம்பரு இருக்குதான்னு பாக்கணும். அந்த வூட்டு வாரிசு ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுக்கணும். அப்பறம் இன்ஸ்பெக்டரு வண்டியப் பாத்து சேசிஸ் நம்பர் பிரிண்ட் எடுத்து ஒத்துப் பாப்பாரு. மூணும் ஆச்சின்னா பழங்கால வண்டின்னு உம்பேர்லயே பதிஞ்சிடலாம்."

முதல் காரியம் யாரும் எதிர்பாராத வேகத்தில் முடிந்தது. ஆறாவது நாளே கில்பர்ட் ஒரு நகலைக் கொண்டுவந்து நீட்டினார். பழைய லெட்ஜரின் பக்கம். நீல மையில் சாய்ந்த கையெழுத்து. வண்டி நம்பர், சேசிஸ் நம்பர், உரிமையாளர் பெயர் கே. சீனிவாசராகவன். எத்திராஜ் அந்தக் காகிதத்தை வாங்கி, ஐயாவின் பெயர் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். காரியம் முடிந்த மாதிரிதான் என்று அன்று இரவு சாப்பிடும்போது சாந்தகுமாரியிடம் சொன்னார். அவளும் நம்பினாள்.

வாரிசு என்றால் ஐயாவின் ஒரே மகள் ருக்கு. எத்திராஜ் வேலைக்குச் சேர்ந்தபோது காலேஜ் படித்துக்கொண்டிருந்தவர். இன்று அறுபத்தைந்து ஆகிறது. பழைய வீடு இருந்த இடத்திலேயே மூன்றாவது மாடியில் இருக்கிறார். உட்காரச் சொன்னார். எத்திராஜ் அந்தக் குடும்பத்து நாற்காலி எதிலும் உட்கார்ந்தவரில்லை. பரவாயில்லம்மா என்று நின்றுகொண்டே காபியைக் குடித்தார்.

ருக்கு லெட்ஜர் நகலைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"எத்திராஜ், தப்பா எடுத்துக்காதீங்கோ. அப்பா தோபிக்குத் துணி போட்டாக்கூட சீட்டு எழுதித்தான் போடுவார். அப்பேர்ப்பட்டவர் ஒரு காரை வாய் வார்த்தையாக் குடுத்தார்னா எனக்கு எப்படியோ இருக்கு."

"குடுத்தாரும்மா. ஷெட்ல வச்சு சொன்னாரு."

"நீங்க பொய் சொல்றேள்னு சொல்லலை. எனக்கு அந்த வண்டி வேண்டவும் வேண்டாம். ஆட்சேபணை இல்லைன்னு தாராளமா எழுதித் தரேன். ஆனா எங்கப்பா உங்களுக்குக் குடுத்தார்னு எழுத மாட்டேன். நான் பாக்காததை எப்படி எழுதறது?"

அப்படியே எழுதினார். 'என் தந்தையிடம் டிரைவராக இருந்த எத்திராஜ் வசம் மேற்படி வண்டி உள்ளது. அதை அவர் பெயருக்கு மாற்ற எனக்கு ஆட்சேபணை இல்லை.' கையெழுத்து, தேதி, ஆதார் நகல். குறை சொல்ல ஒன்றுமில்லை. கில்பர்ட் படித்துப் பார்த்து, "இது போதும்பா, சட்டத்துக்கு இதுக்கு மேல வேணாம்" என்றார். சட்டத்துக்குப் போதும். எத்திராஜுக்குப் போதவில்லை. மல்லேஸ்வரத்திலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் 'வசம் உள்ளது' என்ற இரண்டு வார்த்தை அவர் மனசை அறுத்துக்கொண்டே வந்தது. வசம் உள்ளது என்றால் என்ன அர்த்தம்? எடுத்து வைத்துக்கொண்டவன் வசமும்தான் வண்டி இருக்கும்.

போகட்டும், பேரில் பதிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

இருபத்திரண்டாம் நாள் காலையில் வண்டியைக் கழுவி, துடைத்து, ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஓட்டிப் போனார். மைதானத்தில் நிறுத்தியதும் வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் செல்ஃபோனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். எத்திராஜ் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். இன்ஸ்பெக்டர் முந்தின வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் பிரிண்ட் எடுத்துவிடலாம் என்று கில்பர்ட் பானெட்டைத் திறக்கச் சொன்னார். இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தகட்டில் எண் அடித்திருக்கும். அதன் மேல் மெல்லிய காகிதத்தை ஒட்டி பென்சிலால் தேய்த்தால், பள்ளமான எழுத்துகள் வெள்ளையாகவும் மற்றது கறுப்பாகவும் வரும். கில்பர்ட் ஆயிரக்கணக்கில் எடுத்தவர். ஒட்டினார், தேய்த்தார். காகிதம் முழுக்க ஒரே கறுப்பு. அழுத்தித் தேய்த்தார். ஓரத்தில் பூஜ்ஜியம் மாதிரி ஒன்று, நடுவில் ஒரு கோடு. அவ்வளவுதான்.

குனிந்து தகட்டைப் பார்த்தார். தகடு முகம் பார்க்கிற கண்ணாடியாக மின்னியது.

நடந்தது இதுதான். ஆயுத பூஜை வந்தால் பெங்களூரில் எந்த டிரைவரும் வண்டியைக் கழுவி, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைப்பான். எத்திராஜ் அதோடு நிற்கிறவரில்லை. சந்தனமும் குங்குமமும் வண்டிக்கு எங்கே வைப்பது? நெற்றியில்தானே. வண்டிக்கு நெற்றி என்பது நம்பர் அடித்த தகடு என்று அவராகவே சேர்ந்த முதல் வருஷம் முடிவு செய்துகொண்டார். பொட்டு வைக்கிற இடம் சுத்தமாக இருக்க வேண்டாமா? உப்புத்தாளால் தேய்த்து, புளி போட்டு விளக்கி, துணியால் பளபளப்பாக்கி, அதன் பிறகுதான் சந்தனம். ஒரு வருஷம் தவறியதில்லை. ஐயா காலத்தில் பதினெட்டு, தன்னிடம் வந்த பிறகு இருபத்தெட்டு. ஆக நாற்பத்தாறு ஆயுத பூஜை. எண் எங்கே இருக்கும்? தேய்ந்து மாய்ந்து போயிருந்தது. வருஷத்துக்கு ஒரு மயிரிழை போனதால் அவர் கண்ணுக்கே தெரியவில்லை.

கில்பர்ட்டுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. எத்திராஜின் காதருகில் வந்தார். "இன்ஸ்பெக்டரு கேட்டா துரு தின்னுடிச்சின்னு சொல்லு. மழைல நின்ன வண்டி, துருன்னா ஒண்ணும் பண்ண மாட்டாங்கோ. மத்தத நான் பாத்துக்கறேன். வேற எதுவும் பேசாத, புரிஞ்சிதா?"

இன்ஸ்பெக்டர் வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். இன்ஜின் நம்பரைப் பார்த்தார். அது ஐயா காலத்திலேயே மாற்றின இன்ஜின், லெட்ஜரோடு ஒத்துப்போகவில்லை. மறுபடி தகட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நம்பர் எல்லி?" என்று கன்னடத்தில் கேட்டார், எங்கே நம்பர் என்று.

"சார், மழையில நின்னு துரு..." என்று கில்பர்ட் தொடங்கினார்.

எத்திராஜால் பொறுக்க முடியவில்லை. துருவா? அவர் வண்டியிலா? இத்தனை ஜனம் சுற்றி நிற்கும்போதா? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு. ஆனால் மனுஷனுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறதே, அது அந்த நேரம் பார்த்துத்தான் எழுந்து நிற்கும்.

"துரு இல்ல சார். இந்த வண்டில ஒரு பொட்டு துரு காமிச்சிடுங்க பாப்போம். நான்தான் தேச்சேன். வருஷா வருஷம் என் கையாலயே உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன்."

இன்ஸ்பெக்டர் அவரையே பார்த்தார். "யாரு உஜ்ஜித்து இதன்ன?" என்று மெதுவாக, தேய்த்தது யார் என்று திரும்பக் கேட்டார். எத்திராஜும் கன்னடத்திலேயே, "நானே" என்றார். பெருமையாகவே சொன்னார். கில்பர்ட் நெற்றியில் அடித்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றார்.

அப்புறம் இன்ஸ்பெக்டர் கையில் ஒன்றுமில்லை. நம்பர் அழிந்த வண்டி, அழித்தேன் என்று சொல்கிற ஆள், பேர் வேறொருவருடையது. போலீஸ் விசாரித்துச் சொன்னால் ஒழியத் தொட முடியாது என்று எழுதி ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டார். திரும்பி ஓட்டிவரும்போது கில்பர்ட் வண்டியில் ஏறவில்லை. ஆட்டோ பிடித்துப் போனார்.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மனிதராகவே இருந்தார். தமிழ்நாட்டு எல்லையில் அத்திபெலேயில் நாலு வருஷம் வேலை பார்த்தவர். தமிழ் சரளமாக வந்தது. எத்திராஜை உட்கார வைத்து, ஆயுத பூஜைக் கதை முழுவதையும் கேட்டார். சிரிக்கவில்லை.

"நான் நம்பறேன் எத்திராஜு. ஆனா நான் நம்பறத எழுத முடியாது. நம்பர் தேய்ச்ச வண்டின்னா எங்க புத்தகத்துல அதுக்கு ஒரே பேருதான். அந்த அம்மா ஒரு வார்த்தை, எங்கப்பாதான் குடுத்தாருன்னு சொல்லட்டும். முடிச்சிடறேன்."

சொல்லிவிட்டு ருக்குவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். எத்திராஜ் இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு அந்தச் சின்னக் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் அப்பாகிட்ட டிரைவரா இருந்தார். ரொம்ப நல்ல மனுஷர்" என்றது ருக்குவின் குரல். "வண்டியை அப்பா குடுத்தாரான்னு எனக்குத் தெரியாது சார். சத்தியமாத் தெரியாது. போலீஸ் விசாரணைன்னதும் என் பிள்ளை பரத் பயப்படறான். நான் குடுத்த லெட்டரைத் திருப்பி வாங்கிக்கலாமா?"

பொய் சொல்லவில்லை அந்த அம்மாள். அதுதான் எத்திராஜுக்கு வலித்தது. பொய் சொல்லியிருந்தால் திட்டவாவது திட்டியிருக்கலாம்.

சப்-இன்ஸ்பெக்டர் போனை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கேளுங்க. வண்டி உங்களுதுன்னு சொன்னீங்கன்னா, நம்பர அழிச்சவரும் நீங்கன்னு நான் கேஸ் எழுதணும். எத்தனி வருஷம் இழுக்குமோ. யாருதுன்னு தெரியாதுன்னு சொல்லிட்டா, கெடு முடிஞ்ச அன்னிக்கு வண்டி மட்டும் போவும். உங்களுக்கு ஒண்ணும் ஆவாது. உங்க வயசுக்காக சொல்றேன்."

"எப்படி சார் தெரியாதுன்னு சொல்றது?" என்று எத்திராஜ் கேட்டார்.

மிச்சமிருந்த நாட்களில் எத்திராஜ் வண்டியை எடுக்கவே இல்லை. சோறு இறங்கவில்லை. ஒருமுறை, கேஸ் ஆனால் ஆகட்டும், ஜட்ஜ் முன்னால் நின்று ஐயா சொன்னதைச் சொல்வேன் என்றார். சாந்தகுமாரி அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "சொன்னா யாரு கேக்கப் போறாங்கோ? பெத்த பொண்ணே தெரியாதுன்னுட்டாங்கோ. டிரைவரு திருடிட்டான்னு தெருவுல ஒருத்தன் சொன்னாலும் நீங்க உசிரோட இருக்க மாட்டீங்க. எனக்கு வண்டி வேணாம், நீங்க வேணும்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் அவர் எதிர்த்துப் பேசியிருப்பார்.

முப்பத்தோராம் நாள் காலை பத்து மணிக்கு இழுவை வண்டி வந்தது. கூடவே ஒரு கான்ஸ்டபிள். வண்டியைக் கைப்பற்றியதற்கு மகஜர் எழுத உள்ளூர் சாட்சி இரண்டு பேர் வேண்டும். டீக்கடை தியோடர் ஒரு சாட்சி. இன்னொன்று, வண்டி எந்த வீட்டு வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டுக்காரரே கையெழுத்துப் போட்டால் பின்னால் கேள்வி வராது என்று சப்-இன்ஸ்பெக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் உதவி என்று நினைத்துத்தான் சொன்னார்.

கான்ஸ்டபிள் கன்னடத்தில் எழுதி நீட்டினார். எட்டாவது வரை படித்த கன்னடம் எத்திராஜுக்கு மறக்கவில்லை. 'வாரசுதாரர் இல்லாத வாகனம்', அதாவது உரிமை கொண்டாட ஆளில்லாதது, என்று இருந்தது. மேற்படி வாகனம் யாருடையது என்று சாட்சிகளுக்குத் தெரியாது என்றும் இருந்தது. தியோடர் படிக்காமலே போட்டுவிட்டுக் கடைக்குப் போனார். எத்திராஜ் முழுவதும் படித்தார். ஐயா, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மனசுக்குள் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அரசாங்கக் காகிதம் ஒன்றில் அந்த வண்டியும் அவர் பேரும் சேர்ந்து வந்தது அதுதான் முதல் தடவை.

கொக்கியை மாட்டி இழுத்தார்கள். வண்டி அசையவில்லை, கியரில் இருந்தது, கை பிரேக்கும் போட்டிருந்தது. கதவெல்லாம் பூட்டு.

"சாவி யார்கிட்டப்பா இருக்குது?" என்று இழுவை வண்டிக்காரன் தெருவைப் பார்த்துக் கேட்டான்.

தெருவில் எல்லாருக்கும் தெரியும். தியோடர் குனிந்து கிளாஸ் கழுவினார். கான்ஸ்டபிள் எத்திராஜைப் பார்த்தார். கையெழுத்தின் மை இன்னும் காயவில்லை.

"தெரியாது சார்" என்றார் எத்திராஜ்.

அவன் இரும்புக் கம்பியை எடுத்துவந்து டிரைவர் பக்கத்துப் பெரிய கண்ணாடியை நோக்கி ஓங்கினான். "ஏய், இருப்பா" என்று எத்திராஜ் இரண்டடி முன்னால் போனார். "அத உடைச்சா வேற கெடைக்காது. முன்னால முக்கோணமா சின்னதா இருக்குது பாரு, அத உடை. உள்ள கைய வுட்டா தாப்பாள் எட்டும்."

"உனக்கு எப்படிய்யா தெரியும்?"

எத்திராஜ் கான்ஸ்டபிளை ஒருமுறை பார்த்தார்.

"டிரைவரு நான். எல்லா வண்டியும் தெரியும்" என்றார்.

கம்பி விழுந்தது. ஒரே அடிதான். சாந்தகுமாரி துடைப்பம் எடுக்க உள்ளே போனாள். எத்திராஜ் சட்டைப் பையில் இருந்த சாவியை மேலிருந்தே உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி தெருமுனை திரும்பின பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.